ஏலக்காய்க்கு எத்தனை டிகிரி?

லண்டன்ல ஒருத்தர் ‘நான் ஹீட்டிங் இன்ஜினீயர்’னு சொன்னா, பக்கத்து வீட்டுக்காரர் உடனே போன் நம்பர் வாங்கி வெச்சுக்குவார். பனிக்காலத்துல வீட்டு பாய்லர் படுத்துக்கிச்சுன்னா அவர்தான் தெய்வம். அதையே போடிநாயக்கனூர்ல சொல்லிப் பாருங்க. ‘ஏந்தம்பி, இங்க மார்கழியிலயே ஃபேன் போட்டுத்தான் படுக்கோம். இதுல சூடு பண்ண ஒரு இன்ஜினீயர் வேறயா?’ன்னு கேப்பாங்க.

நியாயமான கேள்விதான். ஆனா அப்படிக் கேட்டவர் கையில இருக்கிற டீயில மணக்குதே ஏலக்காய், அது கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க சூட்டுல கிடந்து வந்தது. அந்தச் சூடு கூடிப்போனாலும் விலை போச்சு, குறைஞ்சுபோனாலும் விலை போச்சு. அந்தச் சூட்டைப் பார்த்துக்கிற ஆளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, டிகிரி கிடையாது. வேலை மட்டும் இருக்கு.

நம்ம மெக்கானிக்கல் மக்கள் ‘தெர்மல் சைடு போகலாம்னு இருக்கேன்’னு சொன்னாலே கண்ணு திருச்சி பெல் பக்கமோ, புனே தெர்மாக்ஸ் பக்கமோதான் போகுது. போகட்டும், தப்பில்லை. ஆனா தமிழ்நாட்டு மாணவன் ஒருத்தன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கிற அருமையான வெப்பச் சிக்கல் ஒண்ணு, முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுக்கு மேல உட்கார்ந்திருக்கு. போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடுன்னு ஏலத்தோட்டம் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கு. அங்க அதுக்குப் பேரு ‘ஸ்டோர்’.

700 லிட்டர் தண்ணி எங்க போச்சு?

ஸ்டோர்னதும் மளிகைக் கடை, குடோன்னு நினைக்காதீங்க. பச்சைக்காயைக் காய வைக்கிற கட்டடம்தான் ஸ்டோர். செடியில இருந்து எடுத்த காயில நூத்துக்கு எண்பது பங்கு தண்ணி. ஏலத்துக்குப் போற காயில பத்து பங்குதான் இருக்கணும். இப்ப ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம்.

ஒரு கிலோ காய்ந்த காயில 900 கிராம் சரக்கு, 100 கிராம் தண்ணி. அதே 900 கிராம் சரக்கு பச்சைக்காயில ஐந்தில் ஒரு பங்கு. அப்படின்னா நாலரைக் கிலோ பச்சைக்காய் வேணும். மூன்றரைக் கிலோ தண்ணி வெளியே போகணும். ஒரே தடவையில 200 கிலோ காய்ந்த காய் எடுக்கிற ஸ்டோர்னு வெச்சுக்குங்க. 900 கிலோ பச்சைக்காய் உள்ளே போகுது. 700 லிட்டர் தண்ணி காத்தோட காத்தா வெளியே போகணும், அதுவும் ஒரே நாளைக்குள்ள. ஒரு வீட்டு மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி ஞாபகத்துக்கு வருதா? கிட்டத்தட்ட அவ்வளவு.

சரி, வெயில்ல போட்டா என்ன? ரெண்டு சிக்கல். ஒண்ணு, காய் எடுப்பு மும்முரமா நடக்கிற காலம் மழைக்காலம். ஆடி, ஆவணியில ஆரம்பிச்சு தை வரைக்கும் சுத்துச் சுத்தா எடுக்குறாங்க. ஐப்பசி மழையில மலை மேல சூரியனைப் பார்க்கிறதே அதிசயம். ரெண்டாவது, வெயில் பட்டா பச்சை வெளுத்துடும். போடி ஏலத்துல யாவாரி முதல்ல பார்க்கிறது அந்தப் பச்சையைத்தான். அப்புறம் உருட்டு, எத்தனை மில்லிமீட்டர் காய், வெடிப்பு இருக்கா, வாசம் எப்படி... எல்லாம் பின்னாடி.

ஆக, சூரியனுக்குப் பதிலா அடுப்பு. வெளியே செங்கல் அடுப்புல விறகு எரியும். அந்தப் புகை, அறைக்குள்ள படுத்திருக்கிற பெரிய தகரக் குழாய் வழியா ஓடி, மறுபக்கம் புகைபோக்கியில ஏறிப் போயிடும். குழாய் கொதிக்கும், அதைத் தொட்ட காத்து சூடாகி மேல எழும்பும். மேலே தட்டுத் தட்டா அடுக்கின காய். புகை காயைத் தொடவே கூடாது. குழாயில ஒரு பொத்தல் விழுந்தா அன்னைக்கு எடுத்த சரக்கு மொத்தமும் புகை வாடை. நம்ம ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ பாடத்துல எட்டு மார்க் கேள்விக்குப் படம் போடுவோமே, அதே சங்கதிதான். படத்துல பொத்தல் விழாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி டியூட்டி

பச்சைக்காய் சாயங்காலம் வந்து சேரும். தோட்டத்துல காய் எடுக்கிற பெண்கள்ல ரொம்பப் பேர் போடி, கம்பம் பக்கத்து ஊர்கள்ல இருந்து விடியக்காலை ஜீப்ல ஏறிப் போறவங்க. அவங்க கீழே இறங்குற நேரத்துக்கு மேலே ஸ்டோர்ல அடுப்பு பத்தவைக்கிற வேலை ஆரம்பம். காயைக் கழுவுவாங்க. சில இடத்துல பச்சை நிக்கணும்னு வாஷிங் சோடா கரைச்ச தண்ணியில கொஞ்ச நேரம் முக்கி எடுக்கிறதும் உண்டு. அப்புறம் தட்டுல பரப்பி அடுக்கி, கதவைச் சாத்தினா, இனி எல்லாம் அடுப்புக்காரர் கையில.

அவர் செய்யிற வேலையைக் கவனிச்சா அசந்துபோவீங்க. மொத சில மணி நேரம் ஜன்னலையும் காத்துத் துவாரத்தையும் திறந்து வெச்சு, சூட்டை ஐம்பது டிகிரிப் பக்கம் நிறுத்துவார். அப்பத்தான் காயில இருந்து ஈரம் குபுகுபுன்னு கிளம்பும். அந்த ஈரக்காத்தை உடனே வெளியேத்தலைன்னா காய் காயாது, வெந்துபோகும். இட்லிக் கொப்பரை எஃபெக்ட்! கொஞ்சம் காய்ஞ்சதும் துவாரத்தைச் சாத்திச் சாத்தி, சூட்டை 45, 50-க்குள்ள கட்டிப்போட்டு இழுப்பார். கடைசி ஒண்ணு ரெண்டு மணி நேரம் மறுபடி கொஞ்சம் ஏத்துவார். அப்பத்தான் காயைச் சூட்டோட தேய்க்கும்போது காம்பும் மூக்குல ஒட்டியிருக்கிற காய்ஞ்ச பூவும் உதிரும்.

இதை ராத்திரி ரெண்டு மணிக்கு, மழைச் சத்தத்துக்கு நடுவுல, தூக்கத்தோட போராடிக்கிட்டு செய்யணும். அசந்து சூடு ஏறிப்போனா, காய் வெடிக்கும், பச்சையம் சிதைஞ்சு பழுப்படிக்கும், வாசம் தர்ற எண்ணெயும் காத்தோட போயிடும். பயந்துபோய் குறைச்சு வெச்சா, காய்ச்சல் இழுத்துக்கிட்டே போய் மஞ்சளாகும், பூஞ்சணம்கூடப் பிடிக்கும். நிறம் குறைஞ்சதால கிலோவுக்கு 100 ரூபாய் கம்மியாப் போச்சுன்னா, நம்ம 200 கிலோ ஸ்டோர்ல ஒரே ராத்திரியில 20,000 ரூபாய் ஆவி. ஏலக்காய் விலையே ஊஞ்சல் ஆடுற விலை. 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அப்புறம் ரெண்டு, மூணு வருஷத்துல 1,000 ரூபாய்ப் பக்கம் வந்து விழுந்துச்சு. விலை கையில இல்லாத தொழில்ல, நம்ம கையில இருக்கிற ஒண்ணு ரெண்டு சமாச்சாரத்துல இந்தச் சூடும் ஒண்ணு.

சைக்ரோமெட்ரிக் சார்ட்டைக் கிழிச்சுப் போட்டவங்க கவனிக்க

தெர்மல் பரீட்சையில விடைத்தாளோட ஒரு சார்ட் கட்டி வைப்போமே, வளைவு வளைவா கோடு போட்டது... ‘இதை வெச்சு வாழ்க்கையில என்னத்தடா பண்ணப்போறோம்’னு சபிச்சுக்கிட்டே கோடு இழுத்தோமே, அதேதான். அது இந்த ஸ்டோருக்குன்னே பிறந்தது.

மலை மேல மழை ராத்திரி. வெளியில 15 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம். துணி காயாத காத்து. அதே காத்துல ஒரு சொட்டுத் தண்ணியையும் எடுக்காம, சும்மா 50 டிகிரிக்குச் சூடு மட்டும் பண்ணுங்க. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கிடும்! தண்ணி குறையலை, காத்தோட வயிறு பெருத்துப்போச்சு, அவ்வளவுதான். அந்தப் பெருத்த வயிறுதான் காயில இருக்கிற தண்ணியைக் குடிக்குது. எவ்வளவு குடிச்சுது, எப்ப நிரம்புச்சு, எப்ப வெளியே விடணும்... இந்த மூணு கேள்விக்கும் சார்ட்டுல விடை இருக்கு. அடுப்புக்காரர் கன்னத்துல பட்ற காத்தை வெச்சு இதைத்தான் கணிக்கிறார். நாம தெர்மாமீட்டர் வெச்சுக் கணிக்கலாம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டா இன்னும் நல்லா இருக்கும்.

பேசிக்கிறதில்லைங்கிறதுதான் விஷயம். போடியில அரசு பொறியியல் கல்லூரி 2012-ல ஆரம்பிச்சது. அங்க மெக்கானிக்கல் இருக்கு. சுத்துவட்டாரத்துல பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.ன்னு இன்னும் இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் மைலாடும்பாறையில ஏலக்காய்க்குன்னே இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம், பாம்பாடும்பாறையில கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம். எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள்ள. ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னா எங்கிருந்தோ ரெடிமேடா வாங்கின ‘மல்ட்டி பர்ப்பஸ் வெட்டும் கருவி’யைத்தான் வெச்சு வைவா முடிக்கிறோம்.

விறகு எவ்வளவு? கேட்டுப் பாருங்க

ஒரு கிலோ தண்ணியை ஸ்டோர் சூட்டுல ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோ ஜூல் வேணும். மூன்றரைக் கிலோவுக்கு 8,400. காய்ஞ்ச விறகு ஒரு கிலோ எரிஞ்சா சுமார் 15,000 கிலோ ஜூல் கிடைக்கும். ஆக, ஒரு கிலோ ஏலக்காயைக் காய வைக்க ஏட்டுக் கணக்குப்படி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல விறகு போதும். 200 கிலோவுக்கு 112 கிலோ விறகு.

இப்ப ஏதாவது ஒரு ஸ்டோருக்குப் போய், ‘அண்ணே, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு விறகு போகுது?’ன்னு கேளுங்க. அவர் கை காட்டுற குவியலைப் பார்த்தாலே உங்க 112 கிலோ கூச்சப்பட்டு ஓடிப்போகும். மிச்சம் எங்க போகுது? பாதி விறகு பச்சை விறகு. அதுல இருக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கவே ஒரு பங்கு போயிடும். எடையில பாதி தண்ணியா இருக்கிற விறகுல, காய்ஞ்ச விறகோட பாதிச் சூடுதான் கிடைக்கும். புகைபோக்கி வழியா ஒரு பங்கு. சுவர், தகரக் கூரை வழியா ஒரு பங்கு. இன்னும் குடிக்க இடம் இருக்கிற காத்தை அவசரப்பட்டு வெளியே விட்டதுல ஒரு பங்கு. நாலு ஓட்டையில தண்ணி ஊத்திக்கிட்டு, வாளி நிறையலையேன்னு குழாயைத் திட்டின கதை.

விறகுதானே, மலையில கிடைக்காததான்னு தோணும். ஏலச்செடி நிழல்ல வளர்ற ஜாதி. மரம் இருந்தாத்தான் செடி. மழைக்கு முன்னாடி நிழல் மரத்துல கிளை கவாத்து பண்ணுவாங்க, அதுதான் விறகுக்கு நேர்மையான வழி. அது பத்தாம மரத்துல கை வெச்சா, இந்த வருஷம் காய் காயும், அடுத்தடுத்த வருஷம் காயே இருக்காது. வனத்துறைக் கட்டுப்பாடு வேற. ஸ்டோர் அடுப்புல பத்து சதவீதம் மிச்சம் பண்ற பையன், சத்தமில்லாம எத்தனையோ மரத்தைக் காப்பாத்துறான். அவனுக்கு விருதெல்லாம் கிடைக்காது. தோட்ட முதலாளி விறகுக் கணக்கைப் பார்த்துட்டு அடுத்த வருஷமும் கூப்பிடுவார், அது போதும்.

தேனிக்காரங்க பண்ணிக் காட்டினது

‘இதெல்லாம் பேச நல்லா இருக்கு, யாராவது செஞ்சிருக்காங்களா?’ன்னு கேப்பீங்க. செஞ்சிருக்காங்க. வெளிநாட்டுல இல்லை, நம்ம தேனியில.

‘பிளான்ட்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க்’னு தேனியை இருப்பிடமா வெச்சு ஓர் அமைப்பு. சி.பழனியப்பன்கிற விஞ்ஞானியோட பேர் இதோட சேர்ந்தே வரும். அவங்க எடுத்துக்கிட்ட விஷயம், தேயிலைத் தொழிற்சாலை. தேயிலையும் ஏலக்காய் மாதிரிதான், காய்ச்சல்லதான் உயிர். ஆனா அங்க டிரையருக்குள்ள போற காத்து நூறு டிகிரியை ஒட்டி இருக்கணும். சூரியனை மட்டும் நம்பி அதைச் செய்ய முடியாது. அவங்க யோசனை ரொம்ப எளிமையானது: தொழிற்சாலைக்கு எப்படியும் பெரிய தகரக் கூரை இருக்கு. அந்தக் கூரையையே கறுப்படிச்ச சூரியத் தட்டா மாத்தி, அதுக்கு அடியில காத்தை இழுத்து, இதமாச் சூடாக்கி, அப்புறம் அடுப்புக்கு அனுப்புவோம். அடுப்பு முழு மலையையும் ஏற வேண்டாம், பாதி மலையில இருந்து ஏறினாப் போதும். வெயில் அடிச்சா விறகு மிச்சம். மேகம் போட்டா வழக்கம்போல அடுப்பு. எந்த நாளும் வேலை நிக்காது.

தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைகள்ல இதைப் போட்டு, விறகு எவ்வளவு குறைஞ்சுது, போட்ட காசு எப்பத் திரும்புதுன்னு அளந்து, 1998-ல ‘சோலார் எனர்ஜி’ங்கிற சர்வதேச ஆய்விதழ்ல கட்டுரையா வெளியிட்டாங்க. எனக்கு இதுல பிடிச்சது சூரியன் இல்லை, ‘எப்பத் திரும்புது’ங்கிற அந்தக் கணக்கு. கருவி கண்டுபிடிக்கிறவங்க நிறையப் பேர். அது முதலாளிக்குக் கட்டுப்படியாகுமான்னு அளந்து காட்டுறவங்க ரொம்பக் கம்மி.

அந்தப் பக்கம் சிக்கிம்ல பெரிய ஏலக்காய் விளையுது, பிரியாணியில கிடக்குமே கறுப்புக் காய், அது. அங்க ‘பட்டி’ன்னு ஒரு பழைய அடுப்பு. புகை நேரா காய் மேலயே போகும், காய் கறுத்துப் புகை நாறும். டெரி நிறுவனம் 1990-களோட பிற்பகுதியில இருந்து அங்க விறகை வாயுவாக்கி எரிக்கிற கேஸிஃபயரைக் கொண்டுபோய் வெச்சது. புகை இல்லை, காய்க்கு அதோட சொந்த நிறம் நின்னுச்சு, வாசனை எண்ணெயும் கூடுதலாத் தங்குச்சு. ஆனா கேஸிஃபயருக்கு விறகைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டிப் போடணும். ராத்திரி பூரா ஒத்தை ஆளா அடுப்பு பார்க்கிறவர்கிட்ட ‘இதையும் வெட்டுங்கண்ணே’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு ராத்திரி நாமளே வெட்டிப் பார்க்கணும்.

இப்ப புதுசா பேசப்படறது ஹீட் பம்ப். ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு யூனிட் கரன்ட் குடுத்தா மூணு யூனிட் அளவுக்குச் சூடு தரும். ஈரக்காத்தைக் குளிர்விச்சு, தண்ணியைச் சொட்டவிட்டு, அந்த ஆவியில இருந்த சூட்டையே திரும்பப் பிடிச்சுக்கும். விறகு வேண்டாம், புகை இல்லை, சூட்டை ஒரு டிகிரி சுத்தமா நிறுத்தலாம். காசு கூட. மழைக்காலத்துல மலை மேல கரன்ட் எப்ப வரும், எப்பப் போகும்னு உங்களுக்கே தெரியும். அதனால பழைய அடுப்பை இடிச்சுட்டு இதை வைங்கன்னு சொல்றவரைவிட, ரெண்டையும் சேர்த்து வைக்கத் தெரிஞ்சவருக்குத்தான் மலையில மரியாதை இருக்கும்னு தோணுது.

சரி பாஸ், வேலை?

நேராவே சொல்லிடலாம். ‘போடியில ஹீட்டிங் இன்ஜினீயர் தேவை’ன்னு பேப்பர்ல விளம்பரம் வராது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்த ஏலக்காய் எஸ்டேட்டும் டை கட்டிக்கிட்டு வராது. வழி சுத்து வழிதான். ஆனா வழி இருக்கு.

மொதல்ல ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்குங்க. ஸ்டோர் அடுப்பு சூடு பண்றது காத்தை. நீராவி இல்லை. அதனால அது சட்டப்படி பாய்லர் கிடையாது. ஆனா திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறை, அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, மருந்து கம்பெனி... எல்லா இடத்துலயும் நீராவிதான் ராஜா. நீராவி அழுத்தம்னு வந்துட்டா லைசென்ஸ் கட்டாயம். 1923-ல வெள்ளைக்காரன் போட்ட பாய்லர் சட்டம் இத்தனை வருஷம் ஓடி, 2025-லதான் புதுச் சட்டம் வந்தது. இதுல ரெண்டு படி. ஐ.டி.ஐ., அனுபவம் வழியா வர்றவங்களுக்கு பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ், முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்புன்னு. டிப்ளமோ, பி.இ. முடிச்சு பாய்லர்ல சில வருஷம் வேலை பார்த்தவங்களுக்கு ‘பாய்லர் ஆபரேஷன் இன்ஜினீயர்’ தேர்வு. சுருக்கமா பி.ஓ.இ. படிப்பு முடிச்ச கையோட எழுத முடியாது, அனுபவம் கேப்பாங்க. அதனாலேயே கையில இருக்கிறவங்களுக்கு கிராக்கி.

பாய்லர் செய்யிற பக்கம்னா திருவெறும்பூர் பெல் இருக்கு, 1965-ல இருந்து. அனல் மின் நிலையத்துக்கான ராட்சத பாய்லர்கள் அங்கதான் உருவாகுது. புனேயில தெர்மாக்ஸ், ஃபோர்ப்ஸ் மார்ஷல். டிகிரி, டிப்ளமோ முடிச்சதும் ஒரு வருஷ அப்ரன்டிஸ் பயிற்சிக்கு சென்னை தரமணியில இருக்கிற தொழிற்பயிற்சி வாரியம் மூலமா பதியலாம். ஸ்டைபண்டை மட்டும் பார்த்து மூஞ்சியைச் சுளிக்காதீங்க, முதல் வருஷம் எந்த அடுப்பு முன்னாடி நின்னீங்கங்கிறதுதான் பயோடேட்டாவுல பேசும்.

அப்புறம், நான் ரொம்ப சிபாரிசு பண்ற வழி: எனர்ஜி ஆடிட்டர். 2001-ல எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்து, 2002-ல பி.இ.இ.ங்கிற எரிசக்தித் திறன் அமைப்பு உருவாச்சு. அதாங்க, ஃபிரிட்ஜ் மேல நட்சத்திரம் ஒட்டுறவங்க. அவங்க நடத்துற தேசியத் தேர்வுல நாலு தாள். மூணு எழுதினா எனர்ஜி மேனேஜர், நாலும் எழுதினா ஆடிட்டர் பக்கம் போகலாம். அதுல ரெண்டாம் தாள் முழுக்க முழுக்க அடுப்பு, பாய்லர், நீராவி, சூடு போகாம மூடுறது... நம்ம சங்கதிதான். இதுக்கும் சில வருஷ வேலை அனுபவம் வேணும். ஆனா பாடத்தை இன்னைக்கே படிக்கலாம், யாரும் தடுக்கலை. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி.யில பாடம் நடத்தின கோதண்டராமனோட ஹீட் டிரான்ஸ்ஃபர் டேட்டா புக் உங்க பையில எப்படியும் இருக்குமே, பரீட்சைக்கு அப்புறமும் அதைத் தூக்கிப் போடாம வெச்சுக்குங்க.

குளிர்சாதனப் பக்கம் போனாலும் இதே இயற்பியல்தான். சூட்டை எடுக்கிறதும் ஏத்துறதும் ஒரே காசோட ரெண்டு பக்கம். 1981-ல ஆரம்பிச்ச இஷ்ரே அமைப்புக்கு நிறைய இன்ஜினீயரிங் காலேஜ்ல மாணவர் கிளை இருக்கு. உங்க காலேஜ்ல இல்லைன்னா ஹெச்.ஓ.டி.யை நச்சரியுங்க. மேல படிக்கணும்னா தெர்மல் இன்ஜினீயரிங், எனர்ஜி இன்ஜினீயரிங்ல எம்.இ. ‘எனக்கு இரும்பு வேண்டாம், சாப்பாட்டுப் பக்கம்தான் ஆசை’ங்கிறவங்களுக்கு தஞ்சாவூர் நிஃப்டெம். 1967-ல திருவாரூர்ல நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாப் பிறந்தது. காய வைக்கிறதுன்னா அவங்களுக்கு அத்துப்படி.

இந்த எல்லா வழியிலயும் போயிட்டு மலைக்குத் திரும்பலாம். போடி, கட்டப்பனை பக்கம் டிரையர் செஞ்சு தர்ற ஒர்க்‌ஷாப்கள் இருக்கு. வெல்டிங் அருமையா இருக்கும். எந்த அளவு ஸ்டோருக்கு எத்தனை அடி குழாய், எவ்வளவு காத்து வேகம்ங்கிறதுதான் பெரும்பாலும் அனுபவக் கணக்குல ஓடும். அங்க பேப்பரும் பென்சிலுமா ஒரு ஆள் உட்கார்ந்தா, அதுக்கு மேல விசிட்டிங் கார்டு வேண்டாம்.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். சீசன்ல ராத்திரி தூக்கம் கிடையாது. சீசன் முடிஞ்சா வேலை கம்மி. அதனால தேயிலை, காபி, மிளகு, சமவெளியில கொப்பரைன்னு எல்லா காய்ச்சலும் தெரிஞ்சு வெச்சுக்கணும். பையன் பி.இ. முடிச்சுட்டு அடுப்பு ஊதுறான்னு சொந்தக்காரங்க பேசுவாங்க. பேசட்டும்.

ஒரு சனிக்கிழமை போதும்

ப்ராஜெக்ட்டுக்கு ஆரம்பம் வேணும்னா இப்படிச் செய்ங்க. ஐப்பசியில போங்க, அப்பத்தான் காய் எடுப்பு உச்சத்துல இருக்கும். தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஸ்டோர்ல அனுமதி வாங்கிக்கிட்டு, நாலு பேர் கொண்ட டீமா போங்க. ஒரு தராசு, நாலு சாதாரண தெர்மாமீட்டர், கொஞ்சம் பருத்தித் துணி, ஒரு நோட்டு. ரெண்டு தெர்மாமீட்டரோட குமிழ்ல ஈரத்துணியைச் சுத்தி, உள்ளே போற காத்துல ஒரு ஜோடி, வெளியே வர்ற காத்துல ஒரு ஜோடின்னு கட்டித் தொங்கவிடுங்க. டிஜிட்டல் சென்சாரும் கொண்டுபோங்க, வேண்டாங்கலை. அது ஆவியில நனைஞ்சா பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஈரத்துணி, காத்து ஓடுற இடத்துல இருக்கிற வரைக்கும் பொய் சொல்லாது.

விறகை அடுப்புல போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எடை போடுங்க. ஒரே ஒரு தட்டைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து எடை பார்த்து உடனே திருப்பி வைங்க. அரை மணிக்கு ஒரு தடவை நாலு தெர்மாமீட்டரையும் குறிங்க. துவாரத்தை அண்ணன் எப்பத் திறந்தார், எப்பச் சாத்தினார்னு நேரத்தோட எழுதுங்க. ஏன் திறந்தீங்கன்னும் கேளுங்க, ஆனா அவர் விறகு தள்ளிக்கிட்டு இருக்கிறப்ப கேக்காதீங்க.

விடிஞ்சதும் சார்ட்டை எடுத்து வெச்சு, அவர் துவாரத்தைத் திறந்த நேரமும் உங்க கோடு ‘திற’ன்னு சொல்ற நேரமும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருங்க. பெரிய இடைவெளி இருந்தா உங்களுக்கு ப்ராஜெக்ட் கிடைச்சாச்சு. இடைவெளியே இல்லைன்னா, அவர்தான் உங்க கைடு. பேரைக் கேட்டு ரிப்போர்ட்டுல முதல் பக்கத்துல நன்றின்னு போடுங்க. பஸ்ஸைப் பிடிச்சு இறங்கினா, 2010 கடைசியில நின்னுபோய் 2023 ஜூன்ல அகலப்பாதையில திரும்பி வந்த ரயில் போடி ஸ்டேஷன்ல இருந்து கிளம்புது. உட்கார்ந்து கணக்குப் போட நல்ல இடம். கையில ஏலக்காய் வாசம் மதுரை வரைக்கும் போகாது.